டிரஸ்ட் இல்லாத டொமைனில் இருக்கும் எஸ்க்யூஎல் சர்வருக்குள் நுழைவது எப்படி?

கேள்வி இது: என் லேப்டாப் எங்கள் நிறுவனத்தின் டொமைனில் (நிறுவனத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிறது. வாடிக்கையாளரின் எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) அவர்களுடைய டொமைனில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே டிரஸ்ட், அதாவது ஒரு டொமைனின் கணக்குகளை இன்னொரு டொமைன் ஏற்கும் ஏற்பாடு, கிடையாது. அவர்கள் டொமைனில் எனக்கென்று ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள். விபிஎன் இணைகிறது, எஸ்க்யூஎல் சர்வரின் 1433 போர்ட்டும் திறந்திருக்கிறது. ஆனாலும் சர்வரோடு இணையும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ மென்பொருளில் விண்டோஸ் ஆத்தென்டிகேஷனைத் தேர்ந்தெடுத்தால் பிழை 18452 வருகிறது. அங்குள்ள டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) எஸ்க்யூஎல் லாகின், அதாவது எஸ்க்யூஎல் சர்வரே வைத்துக்கொள்ளும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும், தர மறுக்கிறார். வேறு வழி உண்டா?

வழி உண்டு. அதற்காகச் சர்வரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அவர்கள் டொமைனில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கணக்கை உங்கள் லேப்டாப் இன்னும் சர்வரிடம் காட்டவில்லை, சிக்கல் அவ்வளவுதான்.

விண்டோஸ் ஆத்தென்டிகேஷன் என்றால் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ உங்களிடம் பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போது எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அதையே எடுத்துக்கொண்டு போகும். சர்வரிடம் போய்ச் சேர்வது உங்கள் நிறுவன டொமைனின் கணக்கு. எஸ்க்யூஎல் சர்வர் அதைத் தானே சரிபார்ப்பதில்லை. தான் ஓடும் விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. அந்த விண்டோஸ் தன் டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்கிறது. அந்தக் கன்ட்ரோலருக்கோ உங்கள் டொமைனைத் தெரியவே தெரியாது. லாகின் நம்பகமற்ற டொமைனிலிருந்து வருகிறது, அதை விண்டோஸ் ஆத்தென்டிகேஷனுக்குப் பயன்படுத்த முடியாது என்று 18452 சொல்வது இதைத்தான். பாஸ்வேர்ட் தவறு என்றோ டேட்டாபேஸில் உரிமை இல்லை என்றோ அது சொல்லவில்லை. அந்தக் கட்டம்வரை நீங்கள் போகவே இல்லை.

ஆகவே லேப்டாப்பில் உங்கள் நிறுவனக் கணக்கிலேயே இருந்துகொண்டு, நெட்வொர்க்கில் வெளியே போகும்போது மட்டும் வாடிக்கையாளர் டொமைன் கணக்காகப் போக வேண்டும். விண்டோஸில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: ரன்ஆஸ் கட்டளையின் நெட்ஒன்லி சுவிட்ச். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ரன்ஆஸ், ஓர் இடைவெளி, சாய்கோட்டுடன் நெட்ஒன்லி, பிறகு யூசர் சுவிட்ச், அதில் முக்காற்புள்ளிக்குப் பின் அவர்கள் டொமைன் பெயர், பின்சாய்வு, அங்கே உங்கள் பயனர் பெயர். கடைசியில் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் இஎக்ஸ்இ கோப்புக்கான முழுப் பாதை மேற்கோள் குறிக்குள். பாஸ்வேர்ட் கேட்கும், கொடுங்கள். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ திறக்கும். அதில் வழக்கம்போல விண்டோஸ் ஆத்தென்டிகேஷனைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள். தினமும் தேவை என்றால் இதே வரியை டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டாக வைத்துக்கொள்ளலாம். எஸ்க்யூஎல்சிஎம்டி, பவர்ஷெல், விஷுவல் ஸ்டுடியோ, எக்செல் எல்லாவற்றையும் இப்படியே திறக்கலாம்.

இந்த இடத்தில் பலரும் இடறுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் 'வேறு பயனராக இயக்கு' என்று ஒரு தேர்வு வருமே, அது இதற்கு உதவாது. அந்தத் தேர்வு லேப்டாப்பிலேயே அந்தக் கணக்கில் நுழையப் பார்க்கும். அப்படி நுழைய உங்கள் லேப்டாப்பின் டொமைன் அந்தக் கணக்கை ஏற்க வேண்டும். டிரஸ்ட் இல்லாததால் ஏற்காது. பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். நெட்ஒன்லி இல்லாத வெறும் ரன்ஆஸுக்கும் இதே கதிதான். நெட்ஒன்லி போட்டால் லேப்டாப்புக்குள் நீங்கள் பழைய ஆளே. உங்கள் கோப்புகள், உங்கள் ப்ரொஃபைல், உங்கள் செட்டிங்குகள் எல்லாம் அப்படியே இருக்கும். வெளியே நெட்வொர்க்கில் கால்வைக்கும்போது மட்டும் புதிய கணக்கு.

இதன் விளைவாக இரண்டு விஷயங்கள் குழப்பும். முதலாவது, நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டை அந்த நேரத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. தப்பும் தவறுமாக அடித்தாலும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ நன்றாகத் திறக்கும். சர்வரில் போய்த்தான் மாட்டும். இரண்டாவது, இணைப்புப் பெட்டியில் பயனர் பெயர் என்ற இடத்தில் மங்கலாகத் தெரிவது உங்கள் நிறுவனக் கணக்கின் பெயராகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நெட்ஒன்லி வேலை செய்யவில்லை என்று மூடிவிடுபவர்கள் நிறைய. அதை நம்பாதீர்கள், இணைத்துப் பாருங்கள். உள்ளே போனபின் எஸ்யூசர்_எஸ்நேம் ஃபங்ஷனை ஒரு செலக்ட்டில் ஓட்டினால், சர்வர் உங்களை யாராக அறிந்திருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடும்.

ரன்ஆஸ் ஓடவே மறுத்தால் செகண்டரி லாகான் என்ற சர்வீஸ் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காக அதை முடக்கி வைத்திருக்கும்.

அப்போது இருக்கும் அடுத்த வழி கிரெடென்ஷியல் மேனேஜர். கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல் ஒன்றைச் சேர்த்து, முகவரியாகச் சர்வரின் முழுப்பெயரையும் முக்காற்புள்ளி போட்டு 1433 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். கீழே டொமைனோடு சேர்த்துப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். போர்ட் எண்ணை விட்டுவிட்டால் பெரும்பாலும் வேலை செய்யாது. எஸ்க்யூஎல் கிளையன்ட் தேடுவது போர்ட்டோடு சேர்ந்த பெயரைத்தான். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலும் அதே முழுப்பெயரைக் கொண்டுதான் இணைய வேண்டும். ஒரு இடத்தில் சுருக்கப்பெயர், இன்னொரு இடத்தில் முழுப்பெயர் என்றால் பொருந்தாது. நேம்டு இன்ஸ்டன்ஸ் (ஒரு கணினியில் தனிப் பெயரோடு ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) என்றால் அதன் உண்மையான போர்ட்டைக் கேட்டுப் போடுங்கள். இந்த வழியில் ஒவ்வொரு மென்பொருளையும் தனியாகத் திறக்க வேண்டாம், எல்லாமே வழக்கம்போல ஓடும். ஆனால் பாஸ்வேர்ட் லேப்டாப்பில் தங்கிவிடுகிறது. எனக்கு நெட்ஒன்லிதான் பிடிக்கும்: சன்னலை மூடினால் அந்த அடையாளமும் போய்விடும்.

இனி உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நாளை இந்த வழி திடீரென்று நின்றுபோனால் அப்போது கைகொடுக்கப் போவது இதுதான்.

விண்டோஸ் ஆத்தென்டிகேஷனுக்குள் இரண்டு நெறிமுறைகள் இருக்கின்றன: கெர்பரோஸ், என்டிஎல்எம். விண்டோஸ் 2000 வந்ததிலிருந்து டொமைன்களில் முதல் இடம் கெர்பரோஸுக்கு. அது முடியாதபோது என்டிஎல்எம்முக்கு இறங்கும். கெர்பரோஸில் உங்கள் லேப்டாப்பே அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலரிடம் நேரில் போய் டிக்கெட் வாங்கிவர வேண்டும். அதற்கு அவர்களுடைய டிஎன்எஸ் (பெயருக்கான முகவரியைச் சொல்லும் சேவை) உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், 88ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், இரண்டு பக்கக் கடிகாரங்களுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சர்வரின் எஸ்பிஎன் பதிவும் (இந்தச் சர்வீஸ் இந்தக் கணக்கில் ஓடுகிறது என்று டொமைனில் இருக்கும் பெயர்ப்பதிவு) சரியான சர்வீஸ் கணக்கின் மேல் இருக்க வேண்டும். என்டிஎல்எம்மில் இதெல்லாம் வேண்டாம். நீங்கள் சர்வரோடு மட்டும் பேசினால் போதும். சர்வர் தன் கன்ட்ரோலரிடம் பேசிக்கொள்ளும். உங்கள் விபிஎன்னில் 1433 மட்டும் திறந்திருந்தும் நெட்ஒன்லி வேலை செய்கிறது என்றால், அநேகமாக நீங்கள் என்டிஎல்எம்மில்தான் போகிறீர்கள்.

எதில் போகிறோம் என்று ஊகிக்கத் தேவையில்லை. கனெக்ஷன்ப்ராப்பர்ட்டி ஃபங்ஷனிடம் ஆத்_ஸ்கீம் என்று கேளுங்கள். கெர்பரோஸ், என்டிஎல்எம், எஸ்க்யூஎல் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். டிஎம்_எக்ஸெக்_கனெக்ஷன்ஸ் வியூவிலும் இதே தகவல் உண்டு, ஆனால் அதைப் பார்க்கச் சர்வர் அளவிலான அனுமதி வேண்டும். வெளியாளான உங்களுக்கு அது கிடைக்காமல் போகலாம். ஃபங்ஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

என்டிஎல்எம் ஓடுகிறதே, போதாதா என்று கேட்கலாம். இன்றைக்குப் போதும், நாளைக்குப் போதாது. 2024 ஜூனில் மைக்ரோசாஃப்ட் என்டிஎல்எம்மின் எல்லாப் பதிப்புகளையும் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதன் முதல் பதிப்பு விண்டோஸ் 11-இன் 24எச்2-விலும் விண்டோஸ் சர்வர் 2025-இலும் இல்லவே இல்லை. பாதுகாப்பில் கண்டிப்பான நிறுவனங்கள் என்டிஎல்எம்மை இப்போதே தடுக்கின்றன. இன்னொன்று, உங்கள் கணக்கைப் ப்ரொடெக்டட் யூசர்ஸ் என்ற குழுவில் சேர்த்திருந்தால் என்டிஎல்எம் உங்களுக்கு அறவே கிடையாது. ஆகவே நெட்வொர்க் குழுவிடம் எழுதும்போதே 1433-உடன் அவர்கள் கன்ட்ரோலரின் 88ஆம் போர்ட்டையும், அவர்கள் டொமைன் பெயர்களுக்கான டிஎன்எஸ் வழியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பிறகு நெட்ஒன்லியில் பயனர் பெயரைக் கொடுக்கும்போது டொமைனின் முழு டிஎன்எஸ் பெயரைப் பயன்படுத்துங்கள். இணைக்கும்போது ஐபி முகவரி போடாமல் சர்வரின் முழுப்பெயரையே போடுங்கள். ஐபி போட்டால் சாதாரணமாக எஸ்பிஎன் பொருந்தாது, கெர்பரோஸும் நடக்காது.

எஸ்பிஎன் பற்றி ஒரு வார்த்தை. அது பதிவாகவே இல்லாவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பதிவாகியிருந்து அது தவறான கணக்கின் மேல் இருந்தால்தான் எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்டை உருவாக்க முடியவில்லை என்ற பிழை வரும். எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடும் கணக்கை யாராவது மாற்றிவிட்டு, பழைய கணக்கின் மேலிருந்த பதிவை நீக்க மறந்தால் இது நடக்கும். செட்எஸ்பிஎன் கட்டளையின் எக்ஸ் சுவிட்ச் இரட்டைப் பதிவுகளையும், எல் சுவிட்ச் ஒரு கணக்கின் மேலுள்ள பதிவுகளையும் காட்டும். இது டிபிஏவும் டொமைன் அட்மினும் சேர்ந்து தீர்க்க வேண்டிய வேலை; உங்கள் பக்கத்திலிருந்து எதுவும் செய்ய முடியாது.

அடையாளம் சரியான பிறகும் சிலருக்குக் கதவு திறக்காது, காரணம் சான்றிதழ். மென்பொருள்கள் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் ஓடிபிசி டிரைவர் 18-லிருந்தும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ 20-லிருந்தும் இணைப்பை என்கிரிப்ட் செய்வது கட்டாயம் என்பதே இயல்புநிலை. சர்வரின் சான்றிதழை வாடிக்கையாளரின் உள் சான்றிதழ் அமைப்பு வழங்கியிருக்கும். அவர்கள் டொமைனில் இருக்கும் கணினிகளுக்கு அதன் மூலச்சான்றிதழ் குரூப் பாலிசி வழியாகத் தானே வந்து சேர்ந்திருக்கும். உங்கள் லேப்டாப் வெளியே இருக்கிறது, அதற்கு வந்திருக்காது. எனவே சான்றிதழை வழங்கியவர் நம்பகமானவர் இல்லை என்ற பிழை. 'சர்வர் சான்றிதழை நம்பு' என்ற பெட்டியை டிக் செய்து தாண்டிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தயவுசெய்து அதைப் பழக்கமாக்காதீர்கள். நடுவில் வேறொரு கணினி சர்வராக நடித்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அவர்களிடம் மூலச்சான்றிதழைக் கேட்டு வாங்கி, உங்கள் ஐடி குழுவின் ஒப்புதலோடு லேப்டாப்பில் நிறுவிக்கொள்ளுங்கள்.

மேக்கிலோ லினக்ஸிலோ இருந்தால் ரன்ஆஸ் கிடையாது. கேஇனிட் கட்டளையால் அவர்கள் டொமைனுக்கான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எஸ்க்யூஎல்சிஎம்டியை இணைக்கலாம். டொமைன் பெயரைப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும், 88ஆம் போர்ட்டும் எட்ட வேண்டும். ஜாவா உலகத்தில் இன்னும் எளிது. மைக்ரோசாஃப்டின் ஜேடிபிசி டிரைவர் 7.4-லிருந்து, ஆத்தென்டிகேஷன் முறை என்டிஎல்எம் என்று குறிப்பிட்டு டொமைன், பெயர், பாஸ்வேர்ட் மூன்றையும் கொடுத்து இணைக்க முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கணினி முன்னால் உட்காரும் மனிதருக்கு. உங்கள் டொமைனில் ஓடும் ஒரு அப்ளிகேஷன் அவர்கள் டேட்டாபேஸோடு பேச வேண்டும் என்றால் கதை வேறு. டிரஸ்ட் இல்லாத டொமைனின் கணக்கைக் கொண்டு ஒரு விண்டோஸ் சர்வீஸையோ ஐஐஎஸ் வெப் சர்வரின் ஆப் பூலையோ ஓட்ட முடியாது. முடிந்தால் அந்த அப்ளிகேஷனை அவர்கள் டொமைனுக்குள்ளேயே நிறுவச் சொல்லுங்கள், அதுவே நேரான வழி. முடியாதபோது எஸ்க்யூஎல் லாகின் நியாயமானது. அப்போதும் அந்த ஒரு அப்ளிகேஷனுக்கு மட்டும் தனி லாகின், தேவையான டேபிள்களுக்கும் ப்ரொசீஜர்களுக்கும் மட்டும் உரிமை, என்கிரிப்ட் செய்த இணைப்பு, பாஸ்வேர்ட் கோடில் எழுதப்படாமல் பாதுகாப்பான பெட்டகத்தில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சர்வர் விண்டோஸ் மட்டும் என்ற முறையில் இருந்தால் எஸ்க்யூஎல் லாகினையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்; புரொடக்‌ஷன் சர்வரில் அதற்கு நேரம் குறித்து அனுமதி வாங்குவது தனி வேலை.

அங்குள்ள டிபிஏ மறுத்ததை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்களுக்கு எஸ்க்யூஎல் லாகின் கொடுத்தால் அது சீக்கிரமே ஒரு குழுவுக்குப் பொதுவாகிவிடும். ஒருவர் பாஸ்வேர்டைச் சாட்டில் அனுப்புவார், இன்னொருவர் நோட்பேடில் வைப்பார். எந்த டெலிட்டை யார் ஓட்டினார் என்று பிறகு கேட்டால் ஆடிட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். திட்டத்திலிருந்து ஒருவர் விலகும்போது டொமைன் கணக்கை முடக்கினால் எல்லாச் சர்வர்களிலும் ஒரே நேரத்தில் அவருக்கு வழி அடைபடும். எஸ்க்யூஎல் லாகினை ஒவ்வொரு சர்வராகத் தேடிப் போய் நீக்க வேண்டும், பெரும்பாலும் யாரும் போவதில்லை. அதிலும் எல்லா உரிமையும் உள்ள எஸ்ஏ கணக்கை வெளியாளுக்குத் தருவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் நியாயம் கிடையாது.

இரண்டு கணினிகளிலும் ஒரே பெயரில் ஒரே பாஸ்வேர்டில் லோக்கல் கணக்குகளை உருவாக்கி ஏமாற்றும் பழைய உத்தியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது என்டிஎல்எம்மை நம்பி நிற்பது. ஒரு பக்கம் பாஸ்வேர்ட் மாறினால் உடைந்துவிடும். டொமைனே இல்லாத தனிச் சர்வராக இருந்தால் தவிர அதைத் தொடாதீர்கள்.

அப்படியானால் டிரஸ்ட்டே அமைத்துவிடலாமே என்றால், அது ஒருவருடைய லாகினுக்காகச் செய்யும் காரியம் அல்ல. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது, நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கும்போது அதற்கு அர்த்தம் உண்டு. அப்போது ஒருவழி டிரஸ்ட் போதும். சர்வர் இருக்கும் டொமைன் உங்கள் டொமைனை நம்ப வேண்டும். உங்கள் டொமைன் அவர்களை நம்பத் தேவையில்லை. இந்தத் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கூட்டங்களில் வாதாடுபவர்கள் உண்டு. ஃபாரஸ்ட் டிரஸ்ட் (இரு பக்க டொமைன் தொகுப்புகளுக்கும் இடையிலானது) என்றால் கெர்பரோஸ் ஒழுங்காக ஓடும். எக்ஸ்டர்னல் டிரஸ்ட் (இரண்டு டொமைன்களுக்கு இடையில் மட்டும்) என்றால் பெரும்பாலும் என்டிஎல்எம்தான். செலக்டிவ் ஆத்தென்டிகேஷனை இயக்கி, எந்தச் சர்வரில் எந்தக் குழு நுழையலாம் என்று அந்தச் சர்வரின் கணினிக் கணக்கின் மேலேயே அனுமதி கொடுப்பது நல்லது. அந்த அனுமதியைக் கொடுக்க மறந்துவிட்டு, டிரஸ்ட் போட்டும் லாகின் ஆகவில்லையே என்று தேடுவது வழக்கமான காட்சி. உங்கள் பக்கத்து ஆட்களை அவர்களுடைய டொமைன் லோக்கல் குழுவில்தான் சேர்க்க முடியும், குளோபல் குழுவில் முடியாது.

உள்ளே போனபிறகு லிங்க்டு சர்வர் வழியாக இன்னொரு சர்வருக்குத் தாவும்போது அனானிமஸ் லாகான் என்ற பெயரில் லாகின் தோல்வி என்று வந்தால் திகைக்க வேண்டாம். என்டிஎல்எம்மில் வந்த அடையாளத்தை முதல் சர்வரால் அடுத்த சர்வருக்கு எடுத்துச்செல்ல முடியாது. கெர்பரோஸும், உங்கள் அடையாளத்தை முன்னே எடுத்துச்செல்லும் டெலிகேஷன் அனுமதியும் இருந்தால்தான் முடியும். அவர்களுடைய ஜம்ப் சர்வருக்கு (வெளியிலிருந்து முதலில் நுழையும் இடைக்கணினி) ரிமோட் டெஸ்க்டாப்பில் போய் அங்கிருந்து வேலை செய்வதும் முழுத் தீர்வு ஆகாது, ஏனென்றால் நடுவில் நிற்கும் சர்வருக்கு டெலிகேஷன் தேவை அப்போதும் இருக்கும். இரண்டாவது சர்வரில் நேராக இணைந்து பார்த்துக்கொள்வதே குறைந்த செலவு.

பிழை எண்களை வேறுபடுத்திப் படியுங்கள். 26 என்றால் இன்ஸ்டன்ஸையே கண்டுபிடிக்க முடியவில்லை. இன்ஸ்டன்ஸின் போர்ட்டைச் சொல்லும் எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸோ அதன் 1434 யூடிபி போர்ட்டோ எட்டவில்லை, போர்ட் எண்ணை நேராகக் கொடுத்துப் பாருங்கள். 18452 உங்களுக்குத் தெரியும். 18456 வந்தால் மகிழ்ச்சிப்படுங்கள், சர்வரை எட்டிவிட்டீர்கள். அதில் ஸ்டேட் 1 என்றே உங்களுக்குக் காட்டும், உண்மையான காரணத்தை வெளியாளிடம் சொல்லக்கூடாது என்பதற்காக மறைக்கிறது. சரியான ஸ்டேட் எண் சர்வரின் எர்ரர் லாகில் இருக்கும்: 5 என்றால் அந்தப் பெயரில் லாகின் இல்லை, 8 என்றால் பாஸ்வேர்ட் தவறு, 58 என்றால் விண்டோஸ் மட்டும் என்ற முறையில் இருக்கும் சர்வரில் எஸ்க்யூஎல் லாகினை முயன்றிருக்கிறீர்கள், 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. எந்த நிமிடத்தில் முயன்றீர்கள் என்பதை மட்டும் குறித்து டிபிஏவுக்கு அனுப்பினால் அவர் அந்த வரியை உடனே எடுத்துவிடுவார்.

கடைசியாக, அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் எப்போது காலாவதியாகும் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப் அவர்கள் டொமைனில் இல்லாததால் காலாவதி எச்சரிக்கை உங்களுக்கு வராது. ஒருநாள் காலையில் இணைப்பு நின்றுபோகும், அவ்வளவுதான். காலாவதிக்கு முன்பே, விபிஎன்னில் இருந்தபடி கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி, பாஸ்வேர்ட் மாற்றும் திரையில் உங்கள் பெயரை அழித்துவிட்டு அவர்கள் டொமைனும் பெயரும் அடித்தால் அங்கிருந்தே மாற்றலாம். கன்ட்ரோலர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எட்டாவிட்டால் அவர்கள் ஹெல்ப்டெஸ்க்தான் கதி. கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டைச் சேமித்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்பு அதை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் பின்னணியில் எக்செல்லோ வேறெதுவோ பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பத் தட்டி உங்கள் கணக்கைப் பூட்டிவிடும்.